கழுத்தில் ஏறிய கறுப்பு

அச்சங்குளம் பக்கத்தில் ஒரு பட்டாசு கம்பெனியின் முதலுதவி அறையில் பத்தொன்பது வருடம் நர்ஸாக இருந்தேன். தீக்காயக் களிம்புக்கு அடுத்தபடி நான் அதிகம் கொடுத்தது சோப்பு. வெடிமருந்து அடைக்கும் அறையிலிருந்து ஆட்கள் கரித்தூளோடுதான் வெளியே வருவார்கள். அதனால் யார் கறுப்பைக் காட்டினாலும் என் வைத்தியம் சோப்புதான்.

மருந்து அடைக்கும் பேச்சியம்மாளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. பின்கழுத்தில் பட்டையாகக் கறுப்பு என்று வந்தார்.

“நல்லாத் தேச்சுக் குளிக்கீகளா?”

“தேங்காய் நாரு வச்சுத் தேய்க்கேன் சிஸ்டர். தோலு உரியுது, கறுப்பு உரிய மாட்டேங்கு.”

இன்னொரு சோப்பு கொடுத்தேன். இப்படி இரண்டு வருடம். நடுவில் நடந்த மெடிக்கல் கேம்ப்பில் வெறும் வயிற்றுச் சுகர் 94. “உங்களுக்கு ஒண்ணும் இல்ல, போங்க” என்று அனுப்பியதும் நான்தான்.

அடுத்த கேம்ப்புக்கு ஒரு இளம் டாக்டரம்மா வந்தார். பேச்சியம்மாளின் கையைத் திருப்பிப் பார்த்தார், கழுத்தைத் தடவினார். “மருந்து அள்ளுற கை கழுவினதும் சுத்தமா இருக்கு. கழுத்து மட்டும் எப்படி சிஸ்டர் அழுக்காகும்?”

அத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி.

ரத்தம் எடுத்தோம். வெறும் வயிற்றில் அப்போதும் நார்மல். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 172; 140-க்குள் இருக்க வேண்டியது. மூன்று மாதச் சுகர் சராசரி (HbA1c) 6.2; 5.7-க்குக் கீழே இருந்தால்தான் நார்மல்.

டாக்டரம்மா விளக்கினார். உடம்பு இன்சுலின் பேச்சைக் கேட்பதில்லை. அதனால் கணையம் இரண்டு பங்கு, மூன்று பங்கு சுரந்து சமாளிக்கிறது. தீபாவளி சீசனில் ஓவர்டைம் பார்த்து லோடு ஏற்றுவது போலத்தான். லோடு போகிறவரை முதலாளிக்கு ஒன்றும் தெரியாது, சுகரும் நார்மலாகவே காட்டும். அந்த மிகுதி இன்சுலின்தான் கழுத்தைக் கறுக்க வைக்கிறது. கணையம் களைத்துவிட்டால் சுகர் வந்துவிடும்.

“இன்னும் வரல. இப்பப் பிடிச்சா திருப்பிரலாம்” என்றார்.

பேச்சியம்மாள் சோற்றைப் பாதியாக்கினார். டீயில் சீனியை விட்டார். கம்பெனி பஸ்ஸிலிருந்து முன்பே இறங்கி நடந்தார். எட்டு மாதத்தில் சராசரி 5.6, நார்மலுக்குள் வந்துவிட்டது. சந்தோஷமாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“எங்கம்மா சுகர்லதான் கால எடுத்து, அப்பறம் செத்தா சிஸ்டர். அவளும் இங்கனதான் மருந்து அடைச்சா. அவ கழுத்தும் இப்படித்தான் இருந்துச்சு. பொணத்தக் குளிப்பாட்டையில, கரி போகட்டும்னு நாந்தான் தேச்சேன்.”

அவர் அம்மா வேலை பார்த்த காலத்திலும் அந்த அறையில் நர்ஸ் நான்தான். வெட்கமாக இருந்தது. புதிதாக வரும் நர்ஸ்களுக்கு இதைத்தான் சொல்வேன்: வெறும் வயிற்று நம்பரை மட்டும் நம்பி யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். நான் அனுப்பியிருக்கிறேன்.