அரைச்சதத்துக்கு ஓடிய அண்ணை

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானம் கட்டத் தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் வேறு கதை இல்லை. இனி வெளிநாட்டு அணிகள் எங்களிடம் வந்து விளையாடும், பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம் என்கிறார் அண்ணை. அவரோடு மட்ச் பார்க்கப் போவதென்றால் எனக்குக் கொஞ்சம் யோசனைதான். காரணம் தம்புள்ளை.

எங்கள் வீட்டில் கிரிக்கெட் பைத்தியம் நான். அண்ணைக்கு அது பாதி விளையாட்டு, பாதி திருவிழா. வானொலியில் கேட்டும் ரிவியில் பார்த்தும் வளர்ந்த எனக்கு, ஒரு சர்வதேச மட்ச்சை மைதானத்தில் இருந்து கடைசிப் பந்துவரை பார்த்துவிட வேண்டும் என்று தீராத ஆசை. நாற்பது வயது தாண்டித்தான் அது கைகூடியது. ஒருநாள் காலையிலேயே இணுவிலிலிருந்து வான் பிடித்துத் தம்புள்ளைக்குப் போனோம்.

புல்மேட்டில், வேலியை ஒட்டி இடம் கிடைத்தது. வர்ணனை இல்லாததால் முதலில் காது அடைத்ததுபோல இருந்தது. பிறகு பழகிவிட்டது. இலங்கை இரண்டாவதாகத் துடுப்பெடுத்தாடியது. மட்ச் இழுபறியாக இருந்த நேரத்தில் எங்கள் ஆட்டக்காரர் ஒருவர் அரைச்சதம் அடித்தார்.

எங்கள் ஊரில் இரண்டு பள்ளிக்கூடங்கள் வருடந்தோறும் மோதும் பிக் மட்ச்சில் பெடியன் ஒருவன் அரைச்சதம் அடித்தால் பழைய மாணவர்கள் மைதானத்துக்குள் ஓடிப்போய்க் கைகுலுக்குவார்கள், தூக்குவார்கள். நடுவரும் பொறுத்துக்கொண்டு நிற்பார். அண்ணை வருடாவருடம் ஓடுகிறவர். அன்றைக்கும் யோசிக்கவே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் வேலி பாய்ந்து, தொந்தி குலுங்க, கையை நீட்டிக்கொண்டு ஓடினார். பாதித் தூரத்திலேயே காவலர்கள் அமுக்கிவிட்டார்கள். சனம் கூவிச் சிரித்தது. நானும் சிரித்தேன். காக்கிச் சட்டைக்காரர் இருவர் அவரைக் கூட்டிக்கொண்டு போவதைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

வாசலுக்குப் பக்கத்துக் கூடாரத்தில் இருத்தி வைத்திருந்தார்கள். பொலிஸ்காரர் அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்து முகவரியை வாசித்துவிட்டு அண்ணையின் முகத்தைப் பார்த்தார். வேலை செய்யும் கந்தோரில் பழகிய சிங்களத்தில் எங்கள் ஊர் வழக்கத்தை விளங்கப்படுத்தினேன். அவர் கோபப்படவில்லை. மட்ச் முடிந்ததும் விட்டுவிடுவோம், நீங்கள் போய்ப் பாருங்கள் என்றார். கடைசி ஓவர்கள் போய்க்கொண்டிருந்தன.

"நீ போ பிள்ளை. இஞ்சை இருந்து என்ன செய்யப் போறாய்?" என்றார் அண்ணை.

அவர்மீது வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வயசுக்கேற்ற புத்தி இருக்கிறதா என்று கேட்க நா துடித்தது. ஆனாலும் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். விசாரித்துவிட்டு விடுவோம் என்ற சொல்லை நம்பி, போர்க்காலத்தில் பிள்ளையை இராணுவத்திடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் திரும்பாத அந்தப் பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரத்தில் இருக்கிறார்கள்.

வெளியே ஒரு பேரிரைச்சல் எழுந்தது. பொலிஸ்காரர் எட்டிப் பார்க்க ஓடினார். நாங்கள் இருவரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சொன்னபடியே சிறிது நேரத்தில் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, இனி இப்படி ஓடவேண்டாம் என்று சிரித்துக்கொண்டே அனுப்பினார். இலங்கை வென்ற செய்தியை வான் சாரதி சொல்லித்தான் அறிந்தோம்.

வவுனியா தாண்டியதும் அண்ணை மெதுவாகக் கேட்டார்.

"நீ போய்ப் பாத்திருக்கலாம். அவங்கள் என்னை என்ன செய்யப் போறாங்கள்?"

"ஒண்டும் செய்யமாட்டாங்கள் எண்டு எனக்கும் தெரியும் அண்ணை" என்றேன்.

தெரிந்தும் அந்தக் கதிரையை விட்டு எழும்ப முடியவில்லை.