அண்ணி ஏறவேண்டிய வண்டி

செய்தி வந்தபோது மாலை நாலேகால். அண்ணி அடுக்களையில் வலது காலை ஒரு முக்காலியின் மேல் நீட்டி வைத்துக்கொண்டு டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். போனை எடுத்தது நான். மேட்டுத் தோட்டத்துக்காரர் பேசினார்.

"அண்ணன் மோட்டாரைச் சரி பண்ணிட்டாரும்மா. தண்ணி வந்துடுச்சு. வண்டிச் சக்கரத்துல சாஞ்சு உக்காந்தாரு. உக்காந்தவரு அப்படியே இருக்காரு. கூப்பிட்டா பேச மாட்டேங்கிறாரு."

அண்ணி என் முகத்தைப் பார்த்தாள். "என்ன, வண்டி மாட்டிக்கிச்சா?" என்று கேட்டாள்.

என் அண்ணன் ஆழ்குழாய்க் கிணறுகளில் மோட்டார் இறக்குகிறவர். சுற்றுவட்டாரத்தில் அவருக்கு மோட்டார்காரர் என்று பெயர். அண்ணிக்குக் கயிற்றக்கா. கல்யாணமான புதிதில் ஒரு நாள் உதவியாள் வராமல் போக, "சும்மா கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நில்லு, போதும்" என்று அவளைக் கூட்டிப்போனார். அன்று பிடித்த கயிற்றை அவள் விடவில்லை. குழாயோடு குழாயைப் பூட்டி மோட்டாரை உள்ளே இறக்கும்போது, அது நழுவி விழுந்துவிடாமல் காக்கும் கயிறு அவள் கையில் இருக்கும். மோட்டார் உள்ளே பாறையில் உரசினால் கயிற்றில் ஒரு நடுக்கம் வருமாம். "நிறுத்துங்க" என்பாள். அவர் சங்கிலிக் கப்பியை நிறுத்துவார். வேறு பேச்சு இருக்காது. வீட்டில் உப்புக்கும் புளிக்கும் சண்டை போடுகிற இருவர் கிணற்றடியில் ஒரே ஆளாக மாறிவிடுவார்கள்.

போன வருடம் இரண்டு சங்கடங்கள் சேர்ந்து வந்தன. பழைய லோடு வேன் மேட்டுப் பாதையில் பாதி வழியில் உயிரை விட்டது. அதே சமயத்தில் அண்ணியின் முழங்கால் மூட்டு தேய்ந்துபோய், காலை மடக்கி உட்கார முடியாமல் ஆனது. டவுனில் ஒரு பம்புக் கடையில் அண்ணனை வேலைக்குக் கூப்பிட்டார்கள். உட்கார்ந்த இடத்தில் மோட்டாரைப் பிரித்துப் பார்க்கும் வேலை.

"போயிடுங்க. நிழல்ல வேலை, ஃபேன் காத்து. நான் காலை நீட்டிக்கிட்டு வீட்ல கிடக்கேன்" என்றாள் அண்ணி.

"கயித்தை யார் பிடிப்பா?"

"ஆள் வச்சுக்கோங்க."

"ஆளுக்கெல்லாம் கயிறு பேசாது. உன்கிட்டதான் பேசும். என்கிட்டகூடப் பேச மாட்டேங்குது."

"நீங்க எதைப் பேசவிட்டீங்க?"

அன்று சாயங்காலம் அண்ணன் என்னிடம் தனியாகச் சொன்னார். "அந்த மேடு ஏறுற வண்டியா இருக்கணும். அதுல உங்க அண்ணி ஏறணும். ரெண்டும் ஒரே வண்டில கிடைச்சா பார்ப்போம். இல்லைன்னா கடைக்குப் போயிட வேண்டியதுதான்."

மேட்டுத் தோட்டங்களுக்குப் போகும் வழியில் இரண்டு பாறைகள் உண்டு. மாமியார், மருமகள் என்று பெயர். இரண்டுக்கும் நடுவில் போகிறவன் ஒரு சிராய்ப்பாவது வாங்காமல் திரும்ப மாட்டான். அண்ணன் அந்த இடைவெளியின் அகலத்துக்கு ஒரு மூங்கில் கம்பை வெட்டிக்கொண்டு ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினார். நானும் கூடப் போனேன். வண்டிக்கு முன்னால் போய் நின்று, இந்தப் பக்கக் கண்ணாடியிலிருந்து அந்தப் பக்கக் கண்ணாடி வரைக்கும் கம்பைப் பிடித்துப் பார்ப்பார்.

"கம்பு எதுக்கு சார்?" என்று கேட்டார் ஒரு விற்பனையாளர்.

"மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவுல போகணும் தம்பி."

"அதுக்கு இன்னும் வண்டி வரலையே சார்."

அந்த ஒரு பதிலுக்காகவே அண்ணனுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

பெரிய பிக்கப்பில் எல்லாம் இருந்தது, அகலம்தான் கம்பைத் தாண்டியது. சின்னது கம்புக்குள் அடங்கியது, ஆனால் அண்ணன் அதன் அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்துவிட்டு, "இதோட வயிறு தரையைத் தடவும்" என்று எழுந்துவிட்டார். மூன்றாவது நடுத்தர வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் ஊர்ந்து இறங்கத் தனி கியர் இருந்தது. பின்னால் இன்னொரு வரிசை இருக்கை. அதனால் சரக்குத் தொட்டி குட்டையாகிவிட்டது. குழாய்களை வைக்கக் கூரைமேல் ஒரு சட்டம் அடித்துக்கொள்ளலாம் என்று அண்ணன் உடனே முடிவு செய்தார். அவருக்கு அந்தப் பின்னிருக்கைதான் வேண்டியிருந்தது. அண்ணி அதில் குறுக்காக உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ளலாம்.

ஓட்டிப் பார்க்கத் தந்த வண்டியை அவர் நேராக எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சரக்கு ஏற்ற ஆரம்பித்தார். கிணற்றின் மேல் நிறுத்தும் இரும்பு முக்காலியின் கால்கள், சங்கிலிக் கப்பி, இரும்புக் குழாய்கள், செத்துப்போன இரண்டு மோட்டார்கள். விற்பனையாளருக்கு முகம் சுண்டிவிட்டது.

"வெறும் வண்டியை ஓட்டிப் பார்க்கிறது, போட்டோவைப் பார்த்துப் பொண்ணு கட்டுற மாதிரி தம்பி" என்றார் அண்ணன்.

"நீங்க போட்டோகூடப் பார்க்கலையே" என்றாள் அண்ணி.

"அதான் இந்தப் பாடு."

சரக்கு ஏறியதும் அண்ணி பின்கதவைத் திறந்து, மேலே இருந்த பிடியைப் பற்றி, நல்ல காலை முதலில் வைத்து ஏறினாள். ஏறி உட்கார்ந்து காலை நீட்டிவிட்டு அவரைப் பார்த்தாள். அண்ணன் முன்னால் போய் உட்கார்ந்தார். வண்டி மாமியாரையும் மருமகளையும் தொடாமல் கடந்து, பழைய வேன் படுத்த இடத்தையும் தாண்டி மேலே போனது. திரும்பி வந்ததும் அதே ரகத்தில் ஒரு புது வண்டிக்குச் சொல்லிவிட்டார்.

புது வண்டி வீட்டுக்கு வந்த காலையில் அண்ணி ஏறப் போனாள். முடியவில்லை. பிடியைப் பற்றி இரண்டு முறை எம்பிப் பார்த்தாள். வலிக்கிற கால் தரையில் ஊன்ற மறுத்தது.

அண்ணன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகுதான் புரிந்தது. எதையும் சரக்கோடு பார்த்துப் பழகியவர், அண்ணி ஏறுவதையும் சரக்கோடுதான் பார்த்திருந்தார். வண்டியின் பின்பக்கத்தைத் தாங்கும் பட்டை வில்லுகள் பாரத்தில் பணியும், வெறுமையில் நிமிரும். அந்தக் கதவருகில் வித்தியாசம் மூன்று விரல்கடை இருக்கலாம். மூட்டு தேய்ந்தவளுக்கு அது ஒரு மாடி.

"போகும்போது ஏறிடுவேன். மோட்டாரைக் கிணத்துல இறக்கிட்டுத் திரும்பும்போது? என்னை மேட்டுலயே விட்டுட்டு வர்ற திட்டமா?"

"ரெண்டு கல்லைத் தூக்கிப் போடுறேன். வண்டி பணியும். நீ ஏறிக்கோ, அப்புறம் கல்லை இறக்கிடுறேன்."

"நானே கல்லு மாதிரிதான் இருக்கேன். முதல்ல இந்தக் கல்லை ஏத்துங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அண்ணன் சிரிக்கவில்லை.

முதலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டார்கள். அது பிளந்துவிட்டது. பிறகு தோட்டங்களில் நாற்காலி கொண்டுவந்து போட்டு, ஆளுக்கொரு கை கொடுத்து ஏற்றிவிட்டார்கள். அண்ணிக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. "அவ வேலைக்குப் போறா. சீக்காளியைத் தூக்கி வைக்கிற மாதிரி வைக்கிறாங்க" என்று என்னிடம் குறைப்பட்டார். தெருமுனை வெல்டிங்காரரிடம் சொல்லி இரும்பில் ஒரு படி வைத்தார். அடுத்த பயணத்திலேயே அது பாறையில் அடிபட்டுக் கழன்று விழுந்தது.

"யாரு, மாமியாரா?" என்று கேட்டேன்.

"மருமகதான். மாமியாராவது வாயால சொல்லிட்டு விடும்."

வண்டி உயரமாக இருந்தால்தான் மேடு ஏறும். படி தாழ்வாக இருந்தால்தான் அண்ணி ஏறுவாள். அதனால் மடங்கும் படி ஒன்றைத் தானே செய்வது என்று உட்கார்ந்தார். முற்றத்தில் பழைய குழாய்த் தாங்கியை அறுத்து, கீல் வைத்து, தேய்த்து, மறுபடி அறுத்தார். வேலை முடிந்து வந்து தினமும் அதில் கொஞ்சம். அண்ணி மோடாவில் உட்கார்ந்து யோசனை சொல்வாள். "இன்னும் கீழே" என்பாள். "இன்னும் கீழேன்னா வண்டி வேண்டாம், பாய் விரிச்சுடலாம்" என்பார்.

அந்தச் செய்தி வந்த நாள் காலை, படியை வண்டியில் பொருத்திக்கொண்டிருந்தபோதுதான் மேட்டுத் தோட்டத்திலிருந்து கூப்பிட்டார்கள். தண்ணீர் இல்லை, மாடுகள் கத்துகின்றன என்றார்கள். அண்ணிக்கு முழங்கால் வீங்கியிருந்தது.

"சுவிட்ச் பெட்டிதான் போயிருக்கும். கயிறு வேலை இல்லை. நீ கிட" என்றார் அண்ணன்.

"படி?"

"நாளைக்கு முடிச்சுடறேன்."

"உங்க நாளையெல்லாம் சேர்த்து வச்சிருந்தா எனக்கு இன்னொரு ஆயுசு இருக்கும்."

படி தொங்கி ஆடாமல் இருக்க, அண்ணியின் பழைய கயிற்றில் ஒரு துண்டை வெட்டி மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவரை அதே வண்டியில்தான் கீழே கொண்டுவந்தார்கள். பின்னிருக்கையில், அண்ணி காலை நீட்டிக்கொள்ளும் இடத்தில். தோட்டத்துக்காரர் ஓட்டிவந்தார். வண்டியில் ஒரு சிராய்ப்பு இல்லை. டாக்டர் மாரடைப்பு என்றார். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டு வண்டியருகே போனாள். கயிற்றின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

"இவருக்கு முடிச்சே போட வராது. நான்தான் போட்டுக் கொடுப்பேன்" என்றாள். அதை ஒரு முறை இழுத்துப் பார்த்து, "இது எப்படித் தாங்குச்சு?" என்றாள்.

போன வாரம் தோட்டத்துக்காரர் வந்தார். வேறொரு மோட்டார்காரரைப் பேசியிருக்கிறார்களாம். வண்டியை ஓட்டத் தானே ஆள் ஏற்பாடு செய்வதாகவும், கயிறு பிடிக்க அக்கா வந்தால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். கூச்சத்தோடுதான் கேட்டார்.

"ஏற முடிஞ்சா வர்றேன்" என்றாள் அண்ணி.

வெல்டிங்காரர் இரண்டு முறை வந்து, பத்து நிமிட வேலைதான், முடித்துத் தருகிறேன் என்றார். இரண்டு முறையும் அண்ணி டீ கொடுத்து அனுப்பிவிட்டாள். படிக்கு நான்கு போல்ட்டுகள். இரண்டை அண்ணன் இறுக்கியிருக்கிறார். மற்ற இரண்டும், துரு விடுவதற்காக அவர் மண்ணெண்ணெயில் போட்டுவைத்த கண்ணாடி டம்ளரில், அடுக்களை ஜன்னலில் இருக்கின்றன.