உப்பு ஏறிய கேணி

1983 சித்திரையில் கமலவேணியின் கேணித் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கிவிட்டது.

முத்தியால்பேட்டையின் கிழக்கு ஓரம், கடலுக்குச் சற்று முன்னால், இருபது சென்ட் குத்தகை நிலம். மில் தொழிலாளியான கணவன் காசநோயில் போனபின், பதினோரு வருடமாக அதில் கீரை போட்டுப் பெரிய மார்க்கெட்டில் விற்று இரண்டு பெண்களை வளர்த்தவள். முந்தைய ஐப்பசி மழை பொய்த்திருந்தது. தெருக்குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வந்தது. மற்ற நாட்களில் தெருவே அவள் கேணியில்தான் குடிக்க மொண்டது.

ஆழப்படுத்த வந்த ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டு, மணல் சரிகிறதென்று திரும்பிப் போய்விட்டார்கள். கமலவேணி புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டினாள்.

தம்பி காத்தவராயன் கையைப் பிடித்தான். "வேணாங்கா. மண்ணு சரிஞ்சா யாரு உன்னத் தூக்கறது?"

"கீர காஞ்சிட்டா மட்டும் யாரு தூக்கப் போறா? நீ கயித்தப் புடி."

மூன்று பகல் அவளே வெட்டினாள். ஒருமுறை இடுப்புவரை மணல் மூடிவிட்டது. காத்தவராயன் மேலே இழுத்துப் போட்டான். மூச்சு வாங்கக் கிடந்தவள், எழுந்து மறுபடி இறங்கினாள். கெட்டியான களிமண் தட்டு ஒன்று வந்தது. அதை உடைத்ததும் தண்ணீர் குபுகுபுவென்று பொங்கியது. பக்கத்து வீட்டு செல்வாம்பாள் முதல் குடத்தை மொண்டுகொண்டு, "நீ நல்லா இருக்கணும்டி" என்று அழுதாள்.

எட்டாம் நாள் அதே செல்வாம்பாள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"கமலா, தண்ணி கரிக்குதுடி. பருப்பு வேவ மாட்டேங்குது."

கமலவேணி மொண்டு வாயில் விட்டாள், துப்பினாள். நான்கு நாளாக முளைக்கீரையின் ஓரம் தீய்ந்துகொண்டு வந்ததை வெயில் என்றே நினைத்திருந்தாள்.

அடுத்த தெருவில், பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஜூல் வீட்டில் போர்க்குழாய் இறக்கி மோட்டார் வைத்திருந்தார். அவர் வாசலில் போய்க் கத்தினாள்: "நாள் முச்சூடும் மோட்டார் ஓட்டி என் ஊத்த உறிஞ்சிட்டீங்களே, முசே! உங்களுக்குப் பென்ஷன் வருது. எம்புள்ளைங்க இன்னாத்தத் திங்கும்?"

ஜூல் வெளியே வந்தார். அவர் மனைவி கிளோதின் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "எங்க போர் தண்ணிதான். குடிச்சிப் பாரு. அஞ்சாறு நாளா பால் காய்ச்சினா திரிஞ்சி போவுது."

அதுவும் கரித்தது.

"கடல் உள்ள வந்துடுச்சும்மா," என்றார் ஜூல் மெதுவாக. "நானும் மோட்டார் ஓட்டினேன். நீயும் ஆழமா தோண்டின."

அந்தக் கடைசி வார்த்தை அவளை விடவில்லை. களிமண் தட்டை உடைத்தது அவள் கைதான். தெருப் பெண்கள் அவளை ஒன்றும் கேட்கவில்லை. குடங்களோடு அவள் வேலியைத் தாண்டி வெகுதூரம் நடந்தார்கள். யாராவது திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மார்கழியில் மழை கொட்டியது. உப்பு கரைந்துவிடும் என்று இரண்டு முறை விதைத்தாள். முளைத்தது, விரல் நீளம் வந்ததும் கருகியது. நிலத்தைச் சொந்தக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

தை மாதம் ஊர் ஓரத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பாட்டில் கழுவச் சேர்ந்தாள். குழாய் நிற்காமல் ஓடி, சிமெண்டுத் தரையில் வழிந்து சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் எழுந்து மூடினாள்.

"யாரும்மா மூடச் சொன்னது? தொறந்து வுடு," என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டார்.

திறந்தாள். ஒரு கை ஏந்திக் குடித்தாள். நல்ல தண்ணீர். குழாயை மூடாமலே அடுத்த பாட்டிலைக் கழுவ எடுத்தாள்.