மாவைத் தட்டாதவர்

மேசையில் மாவு சிந்தினால் ஊதக்கூடாது, பெருக்கக்கூடாது, கையைத் தட்டி உதறவும் கூடாது. செட் பிலார்ஸ்கி ஈரத்துணியோடு வந்து ஒற்றி எடுத்துவிடுவார். தவக்காலத்து வியாழக்கிழமைகளில் எங்கள் தேவாலயத்தின் கீழ்த்தளச் சமையலறையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உருளைக்கிழங்குப் பூரணம் வைத்துப் பியரோகி என்ற போலந்துக் கொழுக்கட்டை பிடிக்கிறோம். வெள்ளிக்கிழமை அது விற்பனைக்குப் போகும். மற்றவர்கள் ஓரத்தை முள்கரண்டியால் அழுத்துவோம். செட்டுக்குக் கட்டைவிரல்தான். "முள்கரண்டி போட்டா வாயைத் தைச்சு வச்ச மாதிரி இருக்கு" என்பார். எங்களோடு பிடிக்கும் இரீனா கோவால் விடமாட்டாள். "துணியும் கையுமா அலையறியே, உன்னை உன் பொண்டாட்டி லொரெய்ன் எப்படித்தான் வீட்டுல வச்சுக்கிறாளோ" என்பாள்.

மாடிப்படியில் ஏறும்போது செட் பாதியில் நின்றுவிடுகிறார். அங்கே சுவரில், தொலைந்ததைத் தேடித்தரும் அந்தோனியார் படம் இருக்கிறது. யாராவது பின்னால் வந்தால், "கண்ணாடியைத் தொலைச்சுட்டேன், அதான் இவர்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்பார். கண்ணாடி மூக்கின்மேல் இருக்கும். நாங்களும் பார்க்காதவர்கள் போலக் கடந்துவிடுவோம்.

குளோவர் ஆலையில் கொதிகலன் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் உறை போட்டவர் அவர். உத்தரத்திலும் சாப்பாட்டு டப்பாவிலும் வெள்ளைத் தூசி படிந்திருக்கும். மேஸ்திரி அன்று சொன்னதை செட் இன்றும் அதே குரலில் சொல்லிக் காட்டுவார்: "மாவு மாதிரிதான்யா. ஒண்ணும் பண்ணாது." இப்போது செட்டுக்கு நுரையீரலைச் சுற்றிய சவ்வில் புற்றுநோய்.

குளோவரை ஒரு பெரிய கம்பெனி விழுங்கியது. வாசலில் பலகை மாறியது, தூசி மாறவில்லை. அந்தத் தூசியால் செத்தவர்களின் குடும்பங்கள் வரிசையாக வழக்குப் போட, பெரிய கம்பெனி மாநிலத் தலைநகரில் போய் ஒரு சட்டம் கேட்டது. ஆஸ்பெஸ்டாஸ் ஆலையை வாங்கியவன், வாங்கிய நாளில் அந்த ஆலை என்ன பெறுமோ அதுவரைக்கும் நஷ்டஈடு கொடுத்தால் போதும், அதற்குமேல் ஒரு காசு தரவேண்டியதில்லை என்று. சட்டம் வராவிட்டால் ஆலையை மூடுவோம் என்றார்கள். செட் அப்போது ஆலைத் தொழிற்சங்கத்தில் பொறுப்பாளர். சங்கத்து மஞ்சள் சட்டை மாட்டிய ஆட்களைப் பேருந்தில் ஏற்றி, வழிக்குச் சாஸேஜ் ரொட்டியும் கட்டிக்கொண்டு, அந்தச் சட்டத்துக்கு ஆதரவாகத் தலைநகருக்கு அழைத்துப் போனவர் அவர்தான். மறுநாள் பத்திரிகைப் படத்தில் எங்கள் சட்டமன்ற உறுப்பினர் டேல் ஹாஸ்கின்ஸ் சிரிக்கிறார். அவர் தோளுக்குப் பின்னால் செட் கைதட்டிக்கொண்டிருக்கிறார். சட்டம் வந்தது. ஆலையையும் மூடிவிட்டார்கள்.

போன இலையுதிர் காலத்தில் நோய் தெரிந்ததும் செட் வழக்குப் போட்டார். தனக்காக அல்ல, லொரெய்னுக்கு வீடாவது மிஞ்சட்டும் என்றுதான். கம்பெனி அந்தச் சட்டத்தை எடுத்து நீட்டியது. அவருக்கு முன்னால் செத்தவர்களுக்குக் கொடுத்ததிலேயே வரம்பு தீர்ந்துவிட்டதாம். நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார். இப்போது செட்டின் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நிற்கிறது. செட் இதை என்னிடம் சொன்னபோதும் பியரோகி பிடிப்பதை நிறுத்தவில்லை. "என்னைக் கொன்னவன் செத்துட்டானாம். அவன் சொத்தை அனுபவிக்கிறவனுக்கும் எனக்கும் சம்பந்தமில்லையாம். இதுக்கு நாந்தான் ஆள் சேத்தேன்" என்றார். அடுத்த மாவு வில்லையை எடுத்து ஓரத்தை அழுத்தினார்.

தேர்தல் வருடம் என்றால் ஹாஸ்கின்ஸுக்கு எங்கள் சமையலறை ஞாபகம் வந்துவிடும். போன வியாழக்கிழமையும் கறுப்புக் கோட்டில், புகைப்படக்காரரோடு இறங்கி வந்தார். மேசை மேசையாகக் கைகுலுக்கிக்கொண்டு செட்டிடம் வந்தார். செட்டைப் பார்த்ததும் ஹாஸ்கின்ஸின் முகம் மலர்ந்தது.

"செட்! உங்களை மாதிரி ஆளுங்களாலதான் இந்த ஊர் இன்னும் நிக்குது" என்று கையை நீட்டினார்.

செட் மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். ஈரத்துணியைத் தள்ளி வைத்தார். இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை மாவில் அமிழ்த்தி எடுத்தார். ஹாஸ்கின்ஸின் முகத்துக்கு நேராக அவற்றை உயர்த்தி, பலமாகத் தட்டினார். கறுப்புக் கோட்டு வெளுத்தது. ஹாஸ்கின்ஸ் இருமிக்கொண்டே பின்வாங்கினார். செட் நிறுத்தவில்லை. தன் மூச்சு முட்டும்வரை தட்டிக்கொண்டே இருந்தார்.