திருப்பிச் சொல்லாத அளவு

இதில் ஓர் எண்ணைக்கூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நடந்தது 1977 பிப்ரவரியில், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே ஓர் ஆற்றுப் படித்துறையில்.

எனக்குத் தற்காலிக வேலை. ஆற்று நீரைப் பாட்டில்களில் பிடிக்க வேண்டும், நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும். ஆறு எவ்வளவு அழுக்கைச் சுமக்கிறது என்று கணக்கிட, பழைய வெள்ள அளவுகளும் வேண்டும். 1974 ஜூலை வெள்ளத்துக்கு மட்டும் எங்குமே பதிவு இல்லை. "அது கெடைக்கலேன்னா இந்த ஆத்தையே விட்டுடுவோம். உன் வேலையும் அத்தோட சரி" என்றிருந்தார் அதிகாரி. பதினொரு நாள் அலைந்ததில் கால் வீங்கியதுதான் மிச்சம்.

அளவு எடுக்க ஒரு முறை உண்டு. அளவுகோல் படித்துறைச் சுவரில் இருக்கும். ஒருவர் படியில் நீரோரம் நின்று எண்ணைக் கூவுவார். மேலே எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகே கீழே நிற்பவர் நகரலாம்.

அன்று கூவியவர் உள்ளூர்க்காரர் சின்னையன். மாலை 5.30.

"நாப்பதுங்க!"

"நாற்பது" என்றேன். நாற்பது சென்டிமீட்டர். எழுதினேன். மேல்படியில் சாய்ந்து, பையிலிருந்த ருஷ்ய நாவலைப் பிரித்தேன். அங்கே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

5.45.

"ஒன்னு தொண்ணூறுங்க!"

திருப்பிச் சொன்னேன். எழுதினேன். அவ்வளவு களைப்பு. தலை நிமிரவில்லை.

6.00.

"ரெண்டு முப்பதுங்க!"

குரல் நடுங்கியது. குளிர் என்று நினைத்தேன். திருப்பிச் சொன்னேன்.

6.15.

"ரெண்டு எம்பதுங்க!"

"இரண்டு எண்பது…"

எழுதிய கை நின்றது. முழங்காலளவு ஆறு… இரண்டு மீட்டர் எண்பதா? நான் உட்கார்ந்திருந்த மேல்படியே மூன்று மீட்டர்தான்.

எட்டிப் பார்த்தேன். நீர் அதே நாற்பதில் இருந்தது.

படியில் யாரும் இல்லை.

பின்னால் காலடிச் சத்தம். சின்னையன். கையில் தூக்குப்போசி.

"எங்கே போனீங்க?"

"டீ வாங்கத்தானுங்க. சொல்லிட்டுத்தானே போனேன்? பொஸ்தகத்துல இருந்து தலையத் தூக்காமயே சரின்னீங்க."

கூவியது யாரென்று இருவரும் படித்துறை முழுக்கத் தேடினோம்.

6.30.

"மூணு பத்துங்க!"

கீழிருந்து அல்ல. என் தோளுக்குப் பக்கத்தில்.

சின்னையன் கையிலிருந்து தூக்குப்போசி விழுந்து உருண்டது. டங்… டங்… டங்…

"மூணு பத்துங்க… கேட்டுதுங்களா…?"

ஓடினோம்.

மறுநாள் சின்னையன் என்னை மயிலாத்தாள் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அந்தப் படித்துறையில் முன்பு அளவு கூவிய குப்பண்ணனின் மனைவி அவர். வெள்ளத்தன்று கரை மேட்டில் கிடந்ததென்று ஒரு நோட்டை எடுத்து வந்தார்.

1974 ஜூலை. 5.45: 1.90. 6.00: 2.30. 6.15: 2.80.

அதன் கீழே வெறும் தாள்.

"எழுதறவரு மழைக்கு ஒதுங்கீட்டாருங்களாம். திருப்பிச் சொல்லாம இவரு நவுர மாட்டாருங்க, தம்பி. அப்படியே நின்னுருக்காரு…"

அந்த நோட்டால் என் வேலை நிரந்தரமானது. அதில் 6.30-க்கு எதிரே 3.10 என்று இருப்பது என் கையெழுத்து.

எழுதிவிட்டேன். ஆனால் அந்த எண்ணை நான் இன்னும் திருப்பிச் சொல்லவில்லை…