உப்பளத்தில் எதிர்காலம் விளையாடினோம்

எதிர்காலத்தை விற்பதைவிட மீன் விற்பது லேசு. மீனுக்காவது செவுளைத் தூக்கிக் காட்டலாம்.

கூட்டம் கூட்டி நாலு பேரைப் பேசவைக்கும் வேலையில் இருப்பவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும். நான் ஒரு தொண்டு நிறுவனத்துக்காகச் சீட்டு விளையாட்டு நடத்துகிறேன். காசு வைத்து ஆடும் சீட்டு இல்லை. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வாரிசுகள், வருங்காலக் கதை எதிலும் தங்களைக் காணோமே என்று தங்களையே நடுவில் வைத்துக் கதை கட்டினார்கள். அதற்கு ஆப்ரோஃபியூச்சரிசம் என்று பேர். உடன்குடிப் பக்கம் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த என் வாயில் அது நுழைய ஒரு வாரம் ஆனது. அதைப் பார்த்துச் செய்த விளையாட்டு இது. ஒரு சீட்டை எடுக்க வேண்டும். அதிலுள்ள பொருளை வைத்து, ஐம்பது வருசம் தள்ளி நம் ஊர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். ஒரே விதி: கதைக்குள் நீங்கள் இருக்க வேண்டும்.

எனக்குக் கிடைத்தவர்கள் தூத்துக்குடி உப்பளத்துப் பெண்கள்.

ஆளைக் காணோம்

காலை வேலை முடிந்ததும் உப்புக் குவியல் ஓரம் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்தோம். என் மகளுக்கு இரண்டு வயது, வீட்டில் விட ஆளில்லை. பாதிச் சீட்டு அவள் வாயில். மீதியில் செல்வக்கனி அக்கா எடுத்தது ரோபோ. "ரோபோ உப்பு வாருது. மொதலாளி ஏசி காருக்குள்ள இருந்து பாக்காரு" என்று இரண்டே வரியில் கதையை முடித்துவிட்டார்.

"அக்கா, விதி என்ன? இதுல நீங்க எங்க?" என்றேன்.

"ரோபோதான் வந்துட்டுல்லா, பொறவு எங்கள எவன் கூப்பிடுவான்?"

பறக்கும் கப்பல்

அடுத்த வாரம் புஷ்பம் அக்காவுக்குப் பறக்கும் கப்பல் வந்தது. அப்பாடா, இதாவது கதையை மேலே தூக்கும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல கக்கூஸ் உண்டா?" என்றார். இருக்கும் என்றேன். "கதவோடயா?" என்றார். உடனே பத்துக் கை நீண்டது, எனக்கும் அந்தக் கப்பல்தான் வேண்டும் என்று.

அந்த உப்பளத்தில் மறைவுக்கு ஒரு செடி கிடையாது. விடியுமுன் வந்தால் வீடு போகும்வரை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். நீர்க்கடுப்பு வராத ஆளே இல்லை. தெரிந்தும் என்ன செய்ய, என் வேலை அப்படி. "அக்கா, ஐம்பது வருசம் தள்ளி யோசிங்க" என்று கெஞ்சினேன்.

"எங்கம்மை ஐம்பது வருசத்துக்கு முன்னாடி யோசிச்சதும் இதத்தாம்ளா."

மேலே போங்க

ஆக, பதினொரு கதையிலும் கழிப்பறை. உள்ளபடியே எழுதி அனுப்பினேன். ஆபீஸ் மேடத்திடமிருந்து போன். மாதக் கடைசியில் உப்பளத்திலேயே பந்தல் போட்டுக் கதை சொல்லும் விழா, உப்பள முதலாளிதான் சிறப்பு விருந்தினர், அவர் முன்னால் இதையா படிப்பது, மாற்றாவிட்டால் இந்த ஊரில் விளையாட்டையே நிறுத்திவிடுவோம் என்று காய்ச்சி எடுத்துவிட்டார். இடுப்பில் பிள்ளையும் காதில் போனுமாக நின்று கேட்டுக்கொண்டேன்.

"அந்த ஆப்பிரிக்கக்காரங்க கதையில எல்லாம் ஸ்பேசுக்குப் போறாங்க, உங்க ஆளுங்க பாத்ரூமுக்குப் போறாங்க!"

சிறப்பு விருந்தினர்

கதையை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. முதலாளி அண்ணாச்சி வெள்ளை வேட்டியில் வந்து உட்கார்ந்தார். வெயிலுக்கு ஒரு இளநீர், பிறகு இன்னொன்று, அப்புறம் மோர், அதற்கும் மேல் கலர் சோடா. செல்வக்கனி அக்கா விழுந்து விழுந்து உபசரித்தார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். மூன்றாவது கதையில் அண்ணாச்சி நெளிந்தார். ஐந்தாவதில் என்னைச் சைகையால் கூப்பிட்டு, "ஏம்மா, இங்கன பாத்ரூம் எங்க இருக்கு?" என்றார் மெதுவாக.

மைக்கைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்ற புஷ்பம் அக்கா பதில் சொன்னார்.

"பறக்குற கப்பல்ல இருக்கு அண்ணாச்சி. ஐம்பது வருசம் பொறுத்துக்கிடுங்க, வந்துரும்."

மறுவாரமே செங்கல் இறங்கி நாலு சுவரும் எழும்பிவிட்டது, கதவு மட்டும் 'வியாழக்கிழமை வந்துரும்' என்கிறார்கள். ஐம்பது வருசம் தள்ளி யோசிக்கச் சொல்லிச் சம்பளம் வாங்கும் நான், இப்போது எந்த வியாழக்கிழமை என்று கேட்டுத் தினமும் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.