சைரன் போடாமல் ஓட்டிய பதினோரு நாட்கள்

பிள்ளைகளே, போன வாரம் நீங்கள் இருவரும் கேட்டீர்கள், "ஏம்ப்பா, வெறும் வண்டில வர்றப்ப நம்மூட்டுக்கிட்ட மட்டும் ரெண்டு தடவ ஹாரன் அடிக்கறீங்க?" என்று. சும்மாதான் என்று சொல்லிவிட்டேன். சும்மா இல்லை. நான் பத்தாவது வரை படித்தவன், எழுதிப் பழக்கமில்லை. வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கிறேன்.

கொரோனாவின் இரண்டாவது அலை வந்தது மாங்காய் சீசனில். அப்போது நான் எல்லையில் கேரளப் பக்கம் உள்ள நம்மூர் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸில் தற்காலிக டிரைவர். வீட்டுக்குள் நோயைக் கொண்டுவந்துவிடக் கூடாது என்று, நம் வீட்டுக்குப் பின்னால் உள்ள தோப்பில் மாங்காய்ப் பெட்டி அடுக்கும் ஷெட்டில் தங்கிக்கொண்டேன். உங்கள் அம்மா தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்து வேலி ஓரம் வைத்துவிட்டு, தள்ளிப் போய் நிற்பாள்.

"ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா?"

"நல்லாத்தான் இருக்கறேன். நீ போ, வெயிலடிக்குது."

தினமும் இதே பேச்சுதான். ஆனால் நான் நல்லா இல்லை.

அதற்குக் காரணம் வண்டியில் வந்த ஒரு நோயாளி அம்மா. அறுபது வயதிருக்கும். பாலக்காட்டுக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து தடுப்புக் கண்ணாடியைத் தட்டி, "தம்பி, அந்தச் சத்தத்தக் கொஞ்சம் நிறுத்துங்க. எம்பையங்கிட்ட போன்ல ரெண்டு வார்த்த பேசோணும்" என்றார். முன்னால் ஒரு சந்தை முக்கு இருந்தது. "இந்த முக்கைத் தாண்டிட்டு நிறுத்தறேனுங்க" என்றேன். தாண்டினேன், நிறுத்தினேன். பின்னாலிருந்து பேச்சே வரவில்லை. போனில் அந்தப் பையன் மட்டும் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

நான் செய்தது தப்பில்லை என்று இன்றைக்குத் தெரியும். அந்த முக்கில் சைரன் இல்லாமல் போக முடியாது. அன்றைக்கு அது தெரியவில்லை. மறுநாள் சைரன் பொத்தானுக்குக் கை போனது, பாதியிலேயே நின்றுவிட்டது. உள்ளங்கை முழுக்க வேர்வை. ஊரடங்கில் ரோடு காலியாகத்தானே கிடக்கிறது, சைரன் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மேலே விளக்கை மட்டும் சுழலவிட்டு ஓட்டினேன். பின்னால் நோயாளியோடு வரும் சிஸ்டர் ரெண்டாம் நாளே கேட்டார். அவருக்கு ஆலப்புழைப் பக்கம், நம்மோடு பழகிப் பழகி பாதித் தமிழ் பேசுவார்.

"சேட்டா, சைரனுக்கு என்ன ஆச்சு?"

"லூஸ் கனெக்ஷன் சிஸ்டர். பாக்கோணும்."

பார்க்கவில்லை. அதற்குப் பதிலாக வண்டியைக் கழுவினேன். ஒவ்வொரு டிரிப்புக்கும் ஒரு தடவை கழுவினால் போதும். நான் மூன்று தடவை கழுவினேன். பிளீச்சிங் பவுடரில் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோனது. கழுவும் நேரத்தில் மட்டும் மனசு ஒரு இடத்தில் நின்றது.

பதினோராம் நாள் மத்தியானம். தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவருக்கு மூச்சு வாங்கியது. பாலக்காட்டில் படுக்கை இல்லை, பொள்ளாச்சியில் ஒன்று கிடைத்தது. அவருடைய மகளும் உடம்பு முழுக்க மூடும் பாதுகாப்பு கிட் போட்டுக்கொண்டு ஏறினாள். எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட் வரைக்கும் ரோட்டில் ஒரு நாய்கூடக் குறுக்கே வரவில்லை. செக்போஸ்ட்டில் முதலமடையிலிருந்து வந்த மாங்காய் லாரிகள் வரிசையாக நின்றன. மாங்காய்க்கு மட்டும் ஊரடங்கு இல்லை அல்லவா? ஒவ்வொரு லாரியிலும் காகிதம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாட்களில் எல்லையில் யாரும் சொல்லாமலே ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. சைரனோடு ஆம்புலன்ஸ் வந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, லாரியை ஓரமாக ஒடித்து வழிவிட வேண்டும். விளக்கு மட்டும் சுற்ற, சத்தமில்லாமல் வந்தால் உள்ளே உயிர் இல்லை. அதற்கு அவசரம் இல்லை, மரியாதை மட்டும்தான். இது எனக்கும் தெரியும். தெரிந்தே மறந்திருந்தேன்.

நான் போய் வரிசையின் கடைசியில் நின்றேன். முன்னால் இருந்த லாரி டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். இறங்கினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். அடுத்த லாரிக்காரரும் இறங்கினார். தூரத்தில் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். எல்லோரும் தலையைக் குனிந்து நின்றார்கள். ஒரு லாரியும் நகரவில்லை.

உள்ளிருந்து அந்த மகள் கண்ணாடியில் அடித்தாள். "அண்ணா, அவங்கெல்லாம் எதுக்குத் துண்ட எடுத்துட்டு நிக்கறாங்க? எங்கப்பா உசுரோடதான இருக்காரு. அவரு பாத்துட்டே இருக்காருங்ணா. சைரனைப் போடுங்க."

கை போகவில்லை. கதவைத் திறந்து குதித்து ஓடினேன். "உசுரு இருக்குதுங்க, வண்டிய எடுங்க" என்று ஒவ்வொரு லாரியாகத் தட்டிக்கொண்டே போனேன்.

"அடப்பாவி, அதச் சத்தம் போட்டுச் சொல்லத்தான சைரன் வெச்சிருக்குது" என்று ஒரு லாரிக்காரர் திட்டிக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடித்தார். திட்டினது நியாயம்தான்.

ஏழெட்டு நிமிஷம் போயிருக்கும். பெரியவர் பிழைத்தார். இன்றைக்கும் வழியில் பார்த்தால் கையைத் தூக்குவார். ஆனால் அன்றைக்குத் திரும்பும்போது, பிழைக்காமல் போயிருந்தால் என்ற எண்ணத்தோடுதான் வந்தேன். தற்காலிக வேலை, சொன்னால் போய்விடும். சொல்லாவிட்டால் இன்னொரு உயிர் போய்விடும். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு நேரே டாக்டர் அறைக்குப் போனேன். சிஸ்டரும் பின்னாலேயே வந்தார்.

"சைரன் நல்லாத்தான் இருக்குதுங்க டாக்டர். எனக்குத்தான் போட முடியல."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "எத்தன நாளா?"

"பதினோரு நாளுங்க."

"அப்ப லூஸ் கனெக்ஷன் வண்டிக்கில்ல, சேட்டனுக்கு" என்றார் சிஸ்டர். எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்துவிட்டது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "நான் தினம் கிட் கழற்றிட்டு, பைப்பத் திறந்து விட்டுட்டு அஞ்சு நிமிஷம் கரையும், சேட்டா. சேட்டன் வண்டி கழுவற மாதிரி" என்றார். கரைவது என்றால் அவர்கள் பாஷையில் அழுவது. கூடவே வண்டியில் வந்தவர், எனக்கு அது தெரியவே தெரியாது.

டாக்டர் சாவியை வாங்கி மேஜைக்குள் வைத்தார். வேலையை எடுக்கவில்லை. பத்து நாள் ஆக்ஸிஜன் சிலிண்டர் ரூமில் வேலை பார்க்கச் சொன்னார். எங்களைப் போன்ற ஊழியர்களிடம் பேசுவதற்கென்றே மனநலக் கவுன்சிலர் ஒருவர் இருந்தார், அவரைப் போனில் கூப்பிட வைத்தார். அந்தக் கவுன்சிலர் மலையாளத்தில் பேசினார், நான் தமிழில் பேசினேன். தைரியமாக இருங்கள் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று கேட்டார். பிறகு அந்தச் சந்தை முக்குக் கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அதுவரை யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

சைரனை நின்ற வண்டியில், கூட ஒரு ஆள் இருக்கும்போது, பத்தே பத்து எண்ணும் வரைக்கும் போட்டுப் பழகச் சொன்னார். அக்கம் பக்கத்தில் சொல்லிவிட்டு, மாற்று டிரைவரை ஓட்டச் சொல்லி வண்டியைத் தோப்புக்குக் கொண்டுவந்தோம். சிஸ்டர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். முதல் நாள் நாலிலேயே அணைத்துவிட்டேன். "நாலு பாஸ் மார்க் இல்ல, நாளைக்கு வரு" என்றார்.

அன்றைக்குத்தான் நீங்கள் இருவரும் வேலிக்கு ஓடி வந்தீர்கள். உங்கள் அம்மாவும் வந்தாள். சின்னவள் வேலிக்கு அந்தப்பக்கமிருந்தே கேட்டாள்:

"அப்பா, உங்க வண்டில இனி ஆளுக பொழைப்பாங்களா?"

எனக்குப் புரியவில்லை. உங்கள் அம்மாதான் சொன்னாள். "சத்தமில்லாமப் போனா பொணம்னு தெருவுல சொல்றாங்கல்லங்க. தெனமும் நம்மூட்டு முன்னாடி சத்தமில்லாமப் போனீங்க. அத்தனையும் பொணம்னே இதுக ரெண்டும் நெனச்சிருக்குதுங்க. சின்னது வண்டியக் கண்டாலே ஜன்னலச் சாத்திக்குது."

அதற்கு அடுத்த நாள் பத்து வரைக்கும் அணைக்காமல் இருந்தேன். பத்து நாள் கழிந்து சாவி திரும்பக் கைக்கு வந்தது. இன்றைக்கும் பொத்தானை அமுக்கும்போது உள்ளங்கை வேர்க்கிறது. துடைத்துக்கொண்டு அமுக்குகிறேன்.

வெறும் வண்டியாகத் திரும்பும்போது சைரன் போடக் கூடாது. அதனால்தான் ரெண்டு ஹாரன். உள்ளே யாரும் இல்லை, அப்பா மட்டும்தான் வருகிறேன் என்று அர்த்தம்.

சைரனும் ஹாரனும் ரெண்டும் இல்லாமல் வண்டி போகும் நாளும் உண்டு. ஜன்னலைச் சாத்த வேண்டாம். அன்றைக்கு நான் சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் வந்து, "யாருப்பா அது?" என்று கேளுங்கள். நல்லாத்தான் இருக்கறேன் என்று சொல்ல மாட்டேன். யாரென்று சொல்கிறேன்.